பங்குனி ஆமைக்கு எது வீடு?

ஒடிசாவின் கஹிர்மாதா கடற்கரையில் 2021 மார்ச் மாதம் முட்டையிட ஏறிய ஒரு பங்குனி ஆமையின் துடுப்பில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தினர் சிறிய உலோக வில்லை ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதில் பொறித்திருந்த எண் 03233. 2025 ஜனவரியில் அதே எண் மறுபடி கண்ணில் பட்டது. அப்போதும் அந்த ஆமை முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இடம் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கடற்கரை. வங்கக் கடலோரத்தில் முட்டையிட்ட ஆமை நான்கு ஆண்டுகளுக்குள் அரபிக் கடலோரத்திலும் முட்டையிட்டிருக்கிறது. இரண்டு கரைகளுக்கும் இடையே கடல்வழித் தொலைவு சுமார் 3,500 கிலோமீட்டர். இந்த ஆமையின் வீட்டைப் பாதுகாக்க ஒரு சட்டம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வீட்டை? முட்டையிட்ட இரண்டு கரைகளை மட்டுமா? நடுவில் நீந்திக் கடந்த கடலையும் சேர்த்தா? இரை தேடிய நீர்ப்பரப்பு எந்த மாநிலத்தின் கணக்கில் வரும்? நிலத்துக்குப் பட்டா உண்டு, சர்வே எண் உண்டு, எல்லைக்கல் உண்டு. புலி வாழும் காட்டை வரைபடத்தில் வளைத்துக் காட்டி, இதற்குள் இன்னின்னது கூடாது என்று சொல்லிவிட முடிகிறது. வாழ்நாளில் மிகச் சொற்ப நேரமே கரையேறும் ஓர் உயிருக்கு அந்த வளையத்தை எங்கே போடுவது?

சட்டப் புத்தகங்களைவிட உயிரியலே இதற்குத் தெளிவான விடை தருகிறது. கடலாமையின் வாழிடத்தை ஓர் இடம் என்று எண்ணும்வரை குழப்பம் தீராது. வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குச் சில நிலைமைகள் வேண்டும்: முட்டைக்கு ஒருவகை மணல், குஞ்சுக்கு இருட்டு, இளம் ஆமைக்கு மிதக்கும் மறைவிடம், முட்டையைச் சுமக்கும் தாய்க்கு இழுவைமடி அரிக்காத கரையோரக் கடல். இந்த நிலைமைகளின் சங்கிலிதான் அதன் வாழிடம். சங்கிலியின் கண்ணிகள் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு மாதங்களிலும் கிடக்கின்றன. சட்டமோ இயல்பிலேயே கோடு கிழிப்பது. கடந்த 50 ஆண்டுகளில் கடலாமைக்காக எழுதப்பட்ட சட்டங்களை வரிசையாகப் பார்த்தால், கோட்டோடு நின்றவை தடுமாறுவதையும், நிலைமையைச் சொல்லில் வடிக்கக் கற்றுக்கொண்டவை பிடிப்போடு நிற்பதையும் காணலாம்.

முதலில் மணல். பங்குனி ஆமை சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. அதன்பின் 45 முதல் 60 நாட்கள்வரை தாயின் வேலையை மணல்தான் செய்கிறது. தோசைமாவு புளிப்பதற்குப் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது பொருட்டில்லை; இதமான சூடு, போதிய ஈரம், போதிய நேரம் ஆகிய மூன்றும் அமைந்தால் எங்கே வைத்தாலும் புளிக்கும், ஒன்று தவறினாலும் மாவு கெடும். முட்டைக்குழியும் அப்படித்தான். மணல்துகள்களுக்கு இடையே காற்று புக வேண்டும், ஏனென்றால் ஓட்டுக்குள் வளரும் கரு மூச்சுவிடுகிறது. ஈரம் குறைந்தால் முட்டை வற்றும், நீர் தேங்கினால் கரு மூச்சடைத்துச் சாகும். வெப்பம் இன்னொரு வேலையும் செய்கிறது. கடலாமைகளில் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் தீர்மானிப்பதில்லை. வளர்ச்சியின் நடுப்பகுதியில் குழி எவ்வளவு சூடாக இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இரு பாலும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண் கூடும், கீழே போகப் போக ஆண் கூடும். இன்னும் சூடேறினால் குஞ்சே பிழைக்காது.

வெவ்வேறு வெப்பநிலைகளில் முட்டைகளை அடைகாத்துப் பார்த்த ஆய்வகச் சோதனைகளில் இது தெரிய வந்தது. இயற்கையில் அதன் விளைவு என்ன என்பதை ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரை மேயும் கடலில் பச்சை ஆமைகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் பாலையும் பரிசோதித்தார்கள். கூடவே மரபணுவைப் படித்து எந்தக் கரையில் பிறந்தவை என்றும் பிரித்தார்கள். வெப்பம் மிகுந்த வடக்குக் கரைகளிலிருந்து வந்த இளம் ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண்கள். கொஞ்சம் குளிர்ந்த தெற்குக் கரைகளின் ஆமைகளில் பெண்களின் பங்கு மூன்றில் இரண்டளவுதான். வடக்குக் கரையில் யாரும் கட்டடம் எழுப்பவில்லை, வேலியையும் யாரும் தாண்டவில்லை. வரைபடக் கோடு அப்படியே இருக்கையில் உள்ளிருந்த நிலைமை மாறிப்போயிற்று.

அடுத்தது இருட்டு. இரவில் மணலைப் பிளந்து வெளிவரும் குஞ்சு எந்தப் பக்கம் கடல் என்று எப்படி அறிகிறது? தாழ்வான அடிவானத்தில் எந்தத் திசை அதிக வெளிச்சமாக இருக்கிறதோ அங்கே போகிறது. உயரமான கரிய நிழலிலிருந்து விலகுகிறது. மனிதரில்லாத கரையில் இந்த விதி பிழைப்பதில்லை. விண்மீன் ஒளியைத் திருப்பும் நீர்ப்பரப்பு ஒருபுறம், மணல்மேடும் செடிகொடிகளும் சேர்ந்த இருள் மறுபுறம். கரையோரச் சாலையில் விளக்கு எரிந்தால் அதே விதி குஞ்சைச் சாலைக்கு இழுத்துச் சென்று கொல்கிறது. வட்டமான களத்தின் நடுவில் குஞ்சுகளை விட்டு, சுற்றிலும் வெவ்வேறு நிற ஒளிகளைக் காட்டிச் செய்த சோதனைகளில் நீலம், பச்சை போன்ற குறுகிய அலைநீள ஒளி வலுவாக ஈர்ப்பதும், சிவப்பை ஒட்டிய ஒளி மிகக் குறைவாக ஈர்ப்பதும் தெரிந்தன. ஆகவே இருட்டு என்பது சட்டத்தில் எழுதக்கூடிய அளவுக்குத் துல்லியமான பொருள்தான். எந்த மாதங்களில், எந்த நிற விளக்கு, எந்தத் திசை நோக்கி, எவ்வளவு உயரத்தில் என்று வரையறுக்கலாம். கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்ற விதி மட்டும் போதாது. அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் அடுக்குமாடியின் வெளிச்சம் எல்லையைத் தாண்டி மணலில் விழுகிறது.

இந்தக் கரை கெட்டால் ஆமை வேறு கரைக்குப் போகட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெண் ஆமைகள் தாம் பிறந்த கரைப்பகுதிக்கே திரும்புகின்றன என்ற எண்ணம் வெகுகாலம் ஊகமாகவே இருந்தது. தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை 1990-இல் மெய்லன், போவன், அவைஸ் ஆகியோர் ஒப்பிட்டார்கள். பச்சை ஆமைகளின் வெவ்வேறு முட்டையிடும் கரைகள் வெவ்வேறு தாய்வழிகளைக் கொண்டிருந்தன. ஒன்றைப் பார்த்து ஒன்று எந்தக் கரைக்கும் போகும் வழக்கம் இருந்திருந்தால் இந்த வேறுபாடு கலைந்திருக்கும். எப்படித் திரும்புகின்றன என்பதைக் கண்டறிவதில் கென்னத் லோமனும் சக ஆய்வாளர்களும் பெரும்பங்கு ஆற்றினார்கள். கம்பிச்சுருள் சூழ்ந்த தொட்டியில் குஞ்சுகளை நீந்தவிட்டு, அட்லாண்டிக்கின் வெவ்வேறு இடங்களின் புவிக்காந்தப் புலத்தைச் செயற்கையாக உருவாக்கியபோது, உண்மையாகவே அந்த இடத்தில் இருந்தால் எந்தத் திசையில் நீந்த வேண்டுமோ அந்தத் திசையில் அவை நீந்தின. 2015-இல் ஃபுளோரிடாவின் 19 ஆண்டு முட்டைக்குழிக் கணக்கை ஆராய்ந்தபோது இன்னொன்று புலப்பட்டது. புவிக்காந்தப் புலம் மெல்ல நகர்ந்து, அடுத்தடுத்த கரைகளின் காந்தக் குறிகள் நெருங்கிவந்த இடங்களில் குழிகளும் நெருங்கின. குறிகள் விலகிய இடங்களில் குழிகளும் விலகின. ஆமை தேடி வருவது தனக்குள் பதிந்த ஒரு குறியை. அந்தக் குறியுள்ள கரையில் நாம் கல்சுவர் கட்டியிருந்தாலும் அது அங்கேதான் வந்து முட்டும்.

03233 இதற்கு மாறாக நடந்துகொண்டதே என்றால், பங்குனி ஆமை மற்ற இனங்களைவிட இதில் தளர்வானது என்பதும் தெரிந்த செய்திதான். கார்த்திக் சங்கரும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட மரபணு ஆய்வில் ஒடிசாவின் கூட்டமாக முட்டையிடும் கரைகளுக்கு இடையே வேறுபாடு காணப்படவில்லை. கஹிர்மாதா, தேவி முகத்துவாரம், ருஷிகுல்யா மூன்றும் ஒரே குடி. அதே ஆய்வு, இந்தியக் கிழக்குக் கரையின் ஆமைகள் உலகின் மற்றப் பங்குனி ஆமைகளுக்கு மூதாதை வழியாக இருக்கக்கூடும் என்றும் சுட்டியது. இந்தத் தளர்வு ஒரு கரையைக் கைவிடுவதற்கான அனுமதி ஆகாது. ஒரே குடி மூன்று கரைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது என்றால் மூன்றையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

நிலைமைகளைச் சட்டமொழியில் எழுதிக் காட்டிய தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. 1973-இன் அழிநிலை உயிரினச் சட்டம், பட்டியலில் சேர்ந்த ஓர் உயிருக்கு ‘இன்றியமையா வாழிடம்’ எது என்று அரசு அறிவிக்க வேண்டும் என்கிறது. பெருந்தலை ஆமை 1978-இலேயே பட்டியலில் சேர்ந்தது. வாழிட அறிவிப்பு இழுத்துக்கொண்டே போக, பாதுகாப்பு அமைப்புகள் 2013-இல் நீதிமன்றம் சென்றன. 2014 ஜூலையில் இறுதி ஆணை வந்தது. சுமார் 1,100 கிலோமீட்டர் கடற்கரை, அதோடு ஏறக்குறைய 7.8 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். பரப்பைவிட வாசகமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரைக்கு ஆணை கேட்பது: வாயு பரிமாற்றத்துக்கும் உகந்த வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இடம் கொடுக்கும் மணல், தாயும் குஞ்சும் கலங்காத அளவு இருட்டு. கரையை ஒட்டிய 1.6 கிலோமீட்டர் நீருக்கு ஆணை கேட்பது: தடுப்புகளோ செயற்கை வெளிச்சமோ வழிமறிக்காத கடவை. ஆய்வகத்தில் கண்டவை அப்படியே சட்டத்தின் வரிகளாகிவிட்டன. சர்காசம் என்னும் மிதக்கும் கடற்பாசித் திட்டுகளும் இன்றியமையா வாழிடத்தில் சேர்ந்தன. கரையை விட்ட குஞ்சு சில ஆண்டுகள் எங்கே மறைகிறது என்பது நெடுங்காலப் புதிர். அழகு நிலையங்களில் நகத்தில் தடவும் அக்ரிலிக் பூச்சைக் கொண்டு மிகச் சிறிய சூரிய ஒளிக் கருவிகளை இளம் ஆமைகளின் ஓட்டில் ஒட்டி, செயற்கைக்கோள் வழியே தொடர்ந்த ஆய்வு, அவை இப்பாசியின் கதகதப்பில் தங்குவதைச் சுட்டியது. நகரும் பாசிக்கு எல்லைக்கல் நட முடியாது. பெரிய கடற்பரப்பை வரைந்து, அதற்குள் எங்கே பாசி இருக்கிறதோ அங்கே பாதுகாப்பு என்று எழுதினார்கள்.

நீதிமன்றங்களும் இதே பாதையில் நகர்ந்தன. ஃபுளோரிடாவின் வலூசியா மாவட்ட நிர்வாகத்தின் மீது 1995-இல் தொடரப்பட்ட வழக்கில் பெருந்தலை ஆமையின் பெயரே மனுதாரர் வரிசையில் முதலில் நின்றது. கரையோர விளக்குகள் குஞ்சுகளைத் திசைதிருப்புவது அந்த உயிருக்குத் தீங்கு செய்வதாகும் என்பது வாதம். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்துக்கு வழிவிட்டது. வாழிடத்தைச் சிதைத்து உயிரைக் கொல்வதும் காயப்படுத்துவதும் ‘தீங்கு’தான் என்ற அரசு விதியை 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. அந்த விளக்கத்தையே நீக்கிவிடலாம் என்று 2025 ஏப்ரலில் அந்நாட்டு அரசு முன்மொழிந்திருப்பது கவலைக்குரியது. நேரடியாக அடித்தால் மட்டும் தீங்கு என்றாகிவிட்டால், இருட்டையும் மணலையும் காக்கும் சட்ட ஆயுதம் மழுங்கிப்போகும். ஐரோப்பாவிலும் ஒரு பாடம் உண்டு. கிரேக்கத்தின் சாகிந்தோஸ் தீவில் ஆமைக்குழிகள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் பலகைகள் இருந்தன, மணலில் மொபெட் ஓட்டத் தடையும் இருந்தது. ஆனாலும் வண்டிகள் ஓடின, படகுகள் திரிந்தன, அனுமதியற்ற கட்டடங்கள் எழுந்தன. 2002-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்க அரசு கடமை தவறியது என்று தீர்ப்பளித்தது.

இந்தியாவின் நிலை என்ன? 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் இருக்கின்றன. அச்சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறை விரிவானது. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் குழியைக் கலைப்பதும்கூட வேட்டைதான். உயிரையும் முட்டையையும் பொறுத்தவரை நம் சட்டம் வலுவானது. கரைக்கு வேறொரு சட்டம்: 1991-இல் தொடங்கி 2011, 2019 என மாறிவந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. ஆமைகள் முட்டையிடும் இடங்களை அது மிகுந்த பாதுகாப்புள்ள முதல் பிரிவில் வைக்கிறது. கடலுக்கு மூன்றாவதாக மாநில மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள். ஒடிசா 1997-இல் கஹிர்மாதாவைச் சுற்றி 1,435 சதுர கிலோமீட்டர் கடல்சார் சரணாலயம் அறிவித்தது. தேவிக்கும் ருஷிகுல்யாவுக்கும் சரணாலயம் கிடையாது; நவம்பர் முதல் மே வரை கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் மீன்பிடித் தடை உண்டு. உயிர், கரை, கடல் என மூன்று துறைகள் மூன்று ஏடுகளில் எழுதியிருக்கும் சட்டங்களை ஆமை ஒரே பருவத்தில் கடக்கிறது. விடுபட்ட இடங்கள் எல்லாம் இந்த ஏடுகளின் இடுக்குகளில்தான் இருக்கின்றன.

மணலையே எடுத்துக்கொள்வோம். 1980களின் இறுதியில் புயல் கஹிர்மாதாவின் நீண்ட மணற்கரையைத் துண்டாடியது. ஆமைகள் எஞ்சிய சிறு மணல்தீவுகளில் முட்டையிட்டன. ஆற்று முகத்துவார மணல்திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுபவை. மணல் ஓரிடத்தில் பிறந்து அங்கேயே கிடப்பதும் இல்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. ஒரு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை நடந்திருப்பது இதுதான். அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்தால் அங்குள்ள வீடுகளின் வாசல்கள் தப்பலாம், அரிப்பு இன்னும் வடக்கே நகரும். கல் கிடக்கும் கரையில் ஆமை குழி தோண்ட முடியாது. முட்டையிடும் கரை என்று அறிவித்து வளையம் போட்டுவிட்டு, அதற்கு 20 கிலோமீட்டர் தெற்கே மணலை மறிக்கும் சுவருக்கு அனுமதி தந்தால் வளையத்துக்குள் காக்க எதுவும் மிஞ்சாது. புயல்தடுப்பு என்று நல்ல எண்ணத்தோடு நீர்விளிம்புவரை நட்ட சவுக்குத் தோப்புகளும் சில கரைகளில் ஆமைக்கான வெற்று மணலைக் குறுக்கியிருக்கின்றன.

பெரிய இடுக்கு கடலில் இருக்கிறது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறோமே, அது போதாதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. சென்னைக் கரையில் ஆர்வலர்கள் இரவிரவாக நடந்து செய்யும் அந்த உழைப்பு மதிப்புக்குரியது. நாய்களும் விளக்குகளும் நிறைந்த கரையில் அதற்கு மாற்றும் இல்லை. ஆனால் முட்டையைக் காப்பது மட்டும் போதுமா என்பதை 1987-இல் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் மூவரும் பெருந்தலை ஆமைகளை வைத்து ஆராய்ந்தார்கள். வாழ்க்கையை முட்டை, சிறு பருவம், இளம் பருவம், முதிர்பருவம் எனக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் பிழைப்பவை கூடினால் மொத்தத் தொகை என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். முட்டைகளில் ஒன்றுகூட வீணாகாமல் காத்தாலும் தொகை சரிந்துகொண்டே போகும் என்று கணக்கு சொன்னது. முதிர்வை நெருங்கும் ஆமைகளின் சாவைக் குறைத்தாலோ சரிவு நின்று ஏறத் தொடங்கும். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் ஒன்றிரண்டுதான் தாயாகும். பல ஆண்டு ஆபத்துகளைத் தாண்டிவந்த அந்த ஒன்றை வலையில் இழந்தால், ஈடுசெய்யப் பல பொரிப்பகங்களின் குஞ்சுகள் வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. உடற்கூறு ஆய்வுகள் மூச்சுத்திணறலைக் காட்டின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இறந்த ஆமை உடனே மிதப்பதில்லை. உள்ளே வாயு திரண்ட பின்பே மேலெழும், பிறகும் எல்லா உடல்களையும் நீரோட்டம் கரைக்குத் தள்ளுவதில்லை. கரையில் எண்ணியது உண்மையான சாவின் ஒரு பகுதியே. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. ஓய்வில் நெடுநேரம் நீருக்குள் இருக்கும்; வலைக்குள் போராடும்போது கையிருப்பு விரைவில் தீரும். இழுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இறப்பு விகிதம் செங்குத்தாக ஏறுவதை அமெரிக்கக் கடலில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. கூடவும் முட்டையிடவும் வரும் ஆமைகள் கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்தான் திரள்கின்றன. கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆமைகள் வரும் மாதங்களில் அதைக் காக்கும் ரோந்தும் படகின் இருப்பிடத்தைக் காட்டும் கருவியும் இல்லாவிட்டால் அது வெறும் மை.

வலைக்குள்ளேயே நிலைமையைப் பொருத்துவது இன்னொரு வழி. ஆமை விலக்குக் கருவி என்பது இழுவைமடியின் நடுவே சாய்த்து வைத்த கம்பிச்சட்டம். இறால் கம்பிகளுக்கு இடையே நுழைந்து மடிக்குள் போகும்; ஆமை சட்டத்தில் மோதி, அங்குள்ள திறப்பு வழியே வெளியேறும். இது இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. ஆமையைக் காக்கும் நோக்கம் செல்லும், ஆனால் சில நாடுகளுக்கு அதிக அவகாசமும் உதவியும் தந்து மற்றவர்களிடம் பாரபட்சம் காட்டியது செல்லாது என்று 1998-இல் மேல்முறையீட்டுக் குழு சொன்னது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ற கருவியை வடிவமைத்தே வெகுகாலம் ஆகிறது. மீனும் கொஞ்சம் வெளியேறிவிடும் என்று விசைப்படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் பொய்யல்ல. இழப்பை அரசு ஈடுசெய்து கருவியைப் பரப்புவது, மீன்பிடிப்பையே நிறுத்துவதைவிட அவர்களுக்கும் மலிவு.

வலுவான எதிர்வாதம் சிறு மீனவர்களிடமிருந்து வருகிறது, அதை லேசாகத் தள்ள முடியாது. ஆமையின் பெயரால் ஏழு மாதம் கடலை மூடினால் கட்டுமரமும் நாட்டுப்படகும் வைத்திருப்பவர் எதைத் தின்பார்? கஹிர்மாதாவுக்கு அருகே தாம்ராவில் பெரிய துறைமுகம் 2011-இல் இயங்கத் தொடங்கியது. அதே கரையின் மீனவருக்குத் தடை என்றால் அந்த நீதி யாருக்கும் புரியாது. சட்டமே இதை முன்னுணர்ந்திருக்கிறது. கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவிக்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில்நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 26அ பிரிவு சொல்கிறது. நிலைமையைப் பார்க்கும் சட்டம் இந்த மோதலைக் குறைக்கவும் உதவும். மணிக்கணக்கில் இழுக்கும் மடியும், அவ்வப்போது தூக்கிப் பார்க்கும் சிறு வலையும் ஆமைக்கு ஒன்றல்ல. எல்லாப் படகையும் ஒரே கோட்டுக்கு வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக, ஆமையை மூழ்கடிக்கும் கருவியை ஆமை திரளும் வாரங்களில் விலக்கினால் பாரம் சிறு மீனவர்மேல் விழாது.

ஆமைகள்தான் பெருகிவிட்டனவே என்போரும் உண்டு. ருஷிகுல்யாவில் 2025 பிப்ரவரியில் சுமார் 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாக மதிப்பிடப்பட்டது. பச்சை ஆமையின் நிலை உலக அளவில் மேம்பட்டு, சர்வதேசச் செம்பட்டியலின் அழிநிலைப் பிரிவிலிருந்து 2025 அக்டோபரில் கீழிறக்கப்பட்டது. இரண்டும் மகிழ்ச்சியான செய்திகள். பல்லாண்டுக் காப்பு பலன் தருகிறது என்பதற்குச் சான்றுகள். ஆனால் 7 லட்சம் என்பது, கரையின் சில பட்டைகளில் இரவின் வெவ்வேறு நேரங்களில் எண்ணிப் பெருக்கிக் கண்ட மதிப்பீடு. ஏறியவற்றின் கணக்கே தவிரப் பொரித்தவற்றின் கணக்கு அல்ல. கூட்டமாக முட்டையிடும்போது பின்னால் வருபவை முன்னால் வந்தவற்றின் குழிகளையே கிளறிவிடுகின்றன. காலத் தாமதம் ஒன்றும் இதில் உண்டு. 2025-இல் முட்டையிட்ட ஆமைகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ பிறந்தவை. அன்றைய கரையும் கடலும் எப்படி இருந்தன என்பதை இன்றைய எண்ணிக்கை சொல்கிறது. இன்று நாம் அனுமதிக்கும் விளக்கு, தூண்டில் வளைவு, இழுவைமடி ஆகியவற்றின் கணக்கு 2040-ஐ ஒட்டித்தான் கரையேறும். அப்போது திருத்த நினைத்தால் பதினைந்து ஆண்டுத் தலைமுறை ஏற்கெனவே போயிருக்கும்.

ஆகவே நம் விதிகளில் சேர வேண்டியவை கனமானவை அல்ல. முட்டையிடும் கரைகளில் ஜனவரி முதல் மே வரை கடலை நோக்கிய வெள்ளை ஒளிக்குத் தடை. தேவையான இடத்தில் மறைப்பிட்ட, தாழ்ந்த, செம்மஞ்சள் விளக்கு. துறைமுகத்துக்கோ தூண்டில் வளைவுக்கோ அனுமதி கேட்கும்போது, வடக்கே உள்ள முட்டைக்கரைகளுக்குப் போகும் மணல் எவ்வளவு குறையும் என்ற கணக்கைக் கட்டாயமாக்குவது. விசைப்படகுகளில் இருப்பிடக் கருவியும் ஆமை விலக்குக் கருவியும், அவற்றின் செலவில் அரசின் பங்கும். கடைசியாக நாட்காட்டி. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. மீன்வளத்துக்காக ஏற்பட்ட தடை அது. அதற்கு அந்தக் காலம் பொருந்தலாம். பங்குனி ஆமைகள் சென்னைக் கடலில் திரளத் தொடங்குவது டிசம்பர், ஜனவரியில். தடைக்காலத்தை நீட்டத் தேவையில்லை. ஆமை திரளும் ஒருசில வாரங்களுக்கு, திரளும் நீரில் மட்டும், இழுவைமடிக்கு மட்டும் தனித் தடையும், அந்த வாரங்களுக்கு அந்தப் படகுகளில் கூலிக்குப் போகும் தொழிலாளர்வரை எட்டும் நிவாரணமும் ஒரே அரசாணையில் எழுதப்பட வேண்டும்.